உணவுக்குப் பின் மூன்று சொட்டு

கஜபதி வீட்டுப் பெண் ஷாலினி பூச்சி வளர்க்கிறாள் என்பது தெருவுக்குத் தெரிந்து மூன்று மாதமாகியிருந்தது. என்ன பூச்சி என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. சிலர் அட்டை என்றார்கள். எதிர்வீட்டு மணியம்மை நேரில் போய்ப் பார்த்துவிட்டே வந்தாள். "கண்ணுக்கே தெரியலடி. பாட்டில்ல வெறும் தண்ணிய ஊத்தி வெச்சிகினு பூச்சிங்குது அந்தப் பொண்ணு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். இருபத்தெட்டு வயதாகியும் கல்யாணப் பேச்சுக்குத் தலையாட்டாமல் வாராவாரம் சென்னைக்கு ரயிலேறிப் போவது இதுக்குத்தானா என்று தெருவுக்கே கொஞ்சம் ஏமாற்றம். ஒரு காதலாவது இருந்திருக்கலாம்.

மணியம்மை சொன்னதில் பாதி சரி. அது லேசில் கண்ணுக்குப் படாது. ஏரியிலிருந்து பாசியோடு அள்ளி வந்தது. ஹைட்ரா என்று பெயர். ஒரு நூலை அரை நகம் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை மட்டும் பிரித்துவிட்ட மாதிரி இருக்கும். பிரிந்த இழைகள்தான் கை. கைகளுக்கு நடுவில் வாய், வாய்க்குக் கீழே வயிறு, தீர்ந்தது. மூளை கிடையாது, இதயம் கிடையாது, சொந்தக்காரர்கள் தொல்லையும் கிடையாது. உடம்பு முழுக்க மீன்வலை மாதிரி நரம்பு மட்டும் உண்டு. அந்த நரம்புகள் ரசாயனத்தைக் கசியவிட்டு ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும்.

ஷாலினி மயங்கியதே அந்தப் பேச்சில்தான். நரம்பு என்று ஒன்று உண்டாவதற்கு முன்பே உடம்புக்குள் பேச்சு இருந்தது என்பாள். நரம்பே இல்லாத கடற்பஞ்சுகூட ரசாயனத்தை விட்டுத்தான் உடம்பைச் சுருக்குகிறது. கடலடியில் அப்பளம் மாதிரி ஊர்ந்து போகிற ஒரு பிராணி உண்டு. அதற்கும் நரம்பு கிடையாது. ஆனால் மேய்கிற இடம் வந்ததும் ஏதோ ஒரு செல் சின்னப் புரதத் துணுக்கு ஒன்றைக் கசியவிடும். அடுத்த செல்களெல்லாம் அப்படியே நின்றுவிடும். நரம்பு ரொம்பப் பிற்பாடு வந்தது. வந்து, ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்த அந்தச் சொற்களையே எடுத்துக்கொண்டது. தெருவுக்கு டெலிபோன் கம்பி வருவதற்கு முன்னாலேயே மணியம்மை இருந்தாள் இல்லையா, அந்த மாதிரி.

சென்னைக் கல்லூரியில் அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் சடகோபனுக்கு முப்பது வருஷமாக ஒரே கேள்வி. மூளையில்லாத பிராணிக்கு "போதும், வாயை மூடு" என்று யார் சொல்கிறார்கள்? அடிபட்ட இரையிலிருந்து ஒரு ரசாயனம் கசியும். அதைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் போதும். இரையே இல்லாவிட்டாலும் பசித்த ஹைட்ரா ஆவென்று வாயைத் திறந்துவிடும். அடுத்த தெருவில் மீன் வறுத்தால் நமக்கு எச்சில் ஊறுகிற கதைதான். சாப்பிட்டு முடித்த ஹைட்ரா திறக்காது. அப்படியானால் "போதும்" என்ற செய்தியைச் சுமக்கிற ரசாயனமும் ஒன்று இருக்க வேண்டும். அதுதான் இது என்று நம்பி ஒரு புரதத் துணுக்கைப் பிரித்து எடுத்திருந்தார். மார்ச்சில் அவருக்கு ஓய்வு. அதற்குள் யாராவது சோதித்துக் காட்ட வேண்டும்.

கல்லூரித் தண்ணீரில் ஹைட்ராக்கள் மூன்று முறை கூண்டோடு செத்தன. திருத்தணி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பெருகின. எனவே பின்கட்டு அறையில், ஊறுகாய் பாட்டில்களில் சோதனை. வெள்ளை மூடி அஞ்சு, சிவப்பு மூடி அஞ்சு. செவ்வாய்க்கிழமை சுத்தமான தண்ணீர் மாற்றி, எல்லாவற்றையும் பட்டினி போட வேண்டும். சிவப்பு மூடிக்கு மட்டும் வியாழன் மதியம் சடகோபன் பிரித்த ரசாயனம் மூன்று சொட்டு. அன்று சாயந்தரம் எல்லாவற்றுக்கும் இரை வாசனைச் சொட்டு. எது வாயைத் திறக்கிறது, எது திறக்கவில்லை என்று எண்ண வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். புதனும் வியாழனும் ஷாலினிக்குச் சென்னையில் வகுப்பு. வியாழன் மதியச் சொட்டை யார் விடுவது?

அண்ணி கவிதாதான். அண்ணன் டில்லிபாபுவைக் கட்டிக்கொண்டு பள்ளிப்பட்டிலிருந்து வந்தவள். பன்னிரண்டாவது பாஸ். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் அஞ்சு வருஷமாக வேலை. மதியம் சாப்பிடவும் சாயந்தரம் டீ போடவும் வீட்டுக்கு வருவாள். சொட்டு எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஹைட்ராவுக்குப் போடுகிற இறால் குஞ்சுகளை உப்புத் தண்ணீரில் பொரிக்க வைத்து, கழுவி எடுப்பதைக்கூட ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிட்டாள்.

முதல் புதன்கிழமை, ஆறே முக்கால் ரயிலைப் பிடிக்க அண்ணனின் வண்டியில் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டே ஷாலினி சொன்னாள். "அண்ணி, பட்டினி போட்டுடுங்க. சிவப்பு மூடிக்கு மட்டும் நாளைக்கு மதியம் மருந்து மூணு சொட்டு!"

"ஆங், ஆங், போ. நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைக்கவில்லை. எது பட்டினி, எத்தனை நாள் பட்டினி, ஏன் பட்டினி, ஒன்றும் சொல்லவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

வியாழன் சாயந்தரம் வந்து சோதித்தாள். வெள்ளை மூடியில் அத்தனையும் வாயைப் பிளந்தன. சிவப்பு மூடியில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் கம்மென்று இருந்தன. இரண்டாவது வாரமும் அப்படியே. ஒருத்தரையும் பாராட்டி அறியாத சடகோபன் போனில் "பலே" என்றார். ஒரே ஒரு பலே. அதற்காக அவள் அன்று ராத்திரி இரண்டு முறை சாப்பிட்டாள்.

மூன்றாவது வியாழக்கிழமைதான் விஷயம்.

சிவப்பு மூடி பாட்டில்களின் அடியில் செங்கல் நிறத்தில் தூசி மாதிரி ஏதோ கிடந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தாள். இறால் குஞ்சின் தோல். ஹைட்ரா தின்ற பிறகு சக்கையை வாய் வழியாகத்தான் துப்பும். அதற்கு வேறு வாசல் கிடையாது. பட்டினி கிடக்கிற ஹைட்ராவுக்குத் துப்ப எதுவும் இருக்காது. திங்கட்கிழமைச் சாப்பாட்டின் மிச்சமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை தண்ணீரை மாற்றியது தன் கையாலேயே என்பது ஞாபகத்துக்கு வராமலும் பார்த்துக்கொண்டாள். சொட்டுக்குழாயை விட்டு அந்தத் தூசியை உறிஞ்சி எடுத்து சிங்க்கில் விட்டு, குழாயைத் திறந்துவிட்டாள். நோட்டில் "பாட்டில் அடி" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் "சுத்தம்" என்று எழுதினாள்.

நாலாவது வாரமும் அஞ்சாவது வாரமும் லென்ஸை வைக்கவில்லை. முதலில் உறிஞ்சி ஊற்றிவிட்டு அப்புறம்தான் விளக்கையே போட்டாள். சுத்தம். சுத்தம்.

ஜனவரி நாலாம் தேதி பெங்களூரில் பெரிய கூட்டம். தன் முப்பது வருஷக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சடகோபன் அங்கே மேடையேறிச் சொல்லப்போகிறார். ஷாலினியின் பட்டமும் அதைத் தொட்டே நிற்கிறது. வீட்டில் அப்பா கஜபதி இதைப் பால்காரரிடம்கூடச் சொல்லிவிட்டார்.

கவிதா அதற்காகப் படி பூசை வேண்டிக்கொண்டாள். டிசம்பர் முப்பத்தொன்று, மலைக்குப் போகிற முந்நூற்று அறுபத்தஞ்சு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுகிற நாள். காலையிலேயே கூட்டம். கவிதா மஞ்சள் வைக்க, ஷாலினி குங்குமம் வைக்க, அழைக்காமலேயே வந்த மணியம்மை கற்பூரம் ஏற்றுகிற சாக்கில் விசாரணை நடத்திக்கொண்டே ஏறினாள்.

"இன்னாடி கவிதா, யாருக்கு வேண்டுதல்? உனக்கா?"

"எனக்கில்லக்கா. எங்க ஷாலினிக்கு. அவ கண்டுபிடிச்சத அவங்க சாரு பெங்களூருல பேசப்போறாரு."

"அந்தத் தண்ணி பாட்டிலயா? அதுல பேசறதுக்கு இன்னா கீது?"

"அப்படிச் சொல்லாதக்கா. பாதி வேல நான்தான் பாத்தேன். இவ மெட்ராசு போயிட்டா மருந்து ஊட்டுறது நானு."

"பூச்சிக்கு மருந்தா?"

"ஆங். சிவப்பு மூடிக்கு மட்டும். மொதல்ல எறா குஞ்சு போட்டு, அது முழுங்கி முடிக்கிற வரைக்கும் காத்துகினு இருப்பேன். அப்புறந்தான் சொட்டு. வெறும் வயித்துல மருந்து குடுத்தா கொடலு புண்ணாயிடாதா? கடைக்கு வர்றவங்ககிட்ட தெனம் தொண்டை கிழிய சொல்றேன், வீட்ல நானே தப்பு பண்ணுவனா?"

"வெள்ளை மூடிக்கு?"

"அதுக்குத்தான் மருந்தே கெடையாதே. அது பட்டினி. பாக்கவே பாவமா இருக்கும்க்கா, பேயா கைய விரிச்சிகினு."

ஷாலினியின் கட்டைவிரல் குங்குமத்தோடு படியிலேயே ஒட்டிக்கொண்டது. எண்பத்தாறாவது படி. சிவப்பு மூடிகள் வாயைத் திறக்காததற்கு எந்த ரசாயனமும் காரணமில்லை. அவற்றுக்கு வயிறு நிறைந்திருந்தது.

"நவுரும்மா, படியிலயே தூங்கிட்டியா!" என்று பின்னாலிருந்து ஒரு பாட்டுக் கோஷ்டிக்காரர் அதட்டினார். இன்னும் இருநூற்று எழுபத்தொன்பது படி பாக்கி. நடுவில் திரும்பி இறங்குவதற்கும் வழியில்லை, ஓரமாக உட்கார்ந்து அழுவதற்கும் இடமில்லை. குனிந்து குனிந்து குங்குமம் வைத்துக்கொண்டே ஏறினாள்.

"அண்ணி," என்றாள் இருநூறாவது படிவாக்கில். "எத்தினி வாட்டி போட்டீங்க?"

"அஞ்சு வியாழக்கெழமையும்தான். ஏன்?"

"ஒண்ணுல்ல."

மேலே சாமியை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெளியே மண்டபத்து ஓரமாக நின்று சடகோபனுக்குப் போன் போட்டாள். தேங்காய்த் தட்டோடு கவிதா இரண்டடி தள்ளி நின்றாள். மணியம்மை நாலடி தள்ளி நின்றாள். அவள் காதுக்கு அது தூரமே இல்லை.

"சார்… சிவப்பு மூடிக்குச் சாப்பாடு போட்டிருக்காங்க சார். மருந்துக்கு முன்னாடி. அஞ்சு வாரமும்."

சடகோபன் கேட்டார். "யாரும்மா?"

இங்கேதான் ஷாலினி, பெற்றவர்கள் அவ்வளவு செலவழித்துப் படிக்கவைத்த ஷாலினி, இப்படிச் சொன்னாள். "வீட்ல இருக்கற ஒரு பொம்பளை சார். படிப்பு கெடையாது. சொன்னாலும் புரிஞ்சிக்காது."

தேங்காய்த் தட்டைப் பிடித்திருந்த கவிதாவின் கை கொஞ்சம் கீழே இறங்கியது.

"இரு," என்றார் சடகோபன். குரலில் திடீரென்று ஒரு உயிர். "போட்டாங்க, சரி. அது சாப்பிட்டுச்சா? சாப்பிட்டிருந்தா சக்கை கிடந்திருக்கணுமே. நோட்டு எங்கிட்டதான் இருக்கு. அஞ்சு தடவையும் சுத்தம்னு எழுதியிருக்கே. சக்கை இல்லேன்னா அது சாப்பிடலைன்னுதானே அர்த்தம்? அப்போ நம்ம முடிவு நிக்கும். நிதானமா யோசிச்சுச் சொல்லு. சக்கை பார்த்தியா?"

பாவம், அந்த மனிதர் முப்பது வருஷத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். ஷாலினி கோபுரத்தைப் பார்த்தாள். கீழே ஊரைப் பார்த்தாள். கவிதாவை மட்டும் பார்க்கவில்லை.

"இல்ல சார். எதுவும் இல்ல."

"அப்பாடா!" என்றார் சடகோபன்.

இறங்கும்போது கவிதா நாலு படி முன்னாலேயே போனாள். வழக்கமாகப் படிக்கு ஒரு கதை சொல்லி இறங்குகிறவள். கீழே வந்ததும் பொங்கல் தொன்னையை மட்டும் நீட்டினாள். "சாப்பிடு. காலையிலேர்ந்து வெறும் வயிறு." ஷாலினி தொன்னையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கவிதா நேராகப் பின்கட்டு அறைக்குப் போனாள். பாட்டில் அலமாரிக்குக் கீழே ஒரு இழுப்பறை உண்டு. ஷாலினி அதைத் திறந்ததேயில்லை. அதிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட சின்னக் கட்டு ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். மெடிக்கல் ஷாப் மாத்திரைக் கவர்கள். காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டு, உணவுக்கு முன், உணவுக்குப் பின் என்று அச்சடித்தவை.

"புரிஞ்சிக்காதுன்னு சொன்ன இல்ல. நான் புரிஞ்சிக்கினது இவ்ளோதான். கடையில கவர்ல எழுதாம யாருக்கும் மருந்து குடுக்கறதில்ல. அந்தப் பழக்கம்."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். மிக்ஸி ஓடத் தொடங்கியது.

அஞ்சு கவர். வியாழனுக்கு ஒன்று. மதியம் என்ற கட்டத்தில் டிக், "உணவுக்குப் பின்" என்பதைச் சுற்றி வட்டம், "3 சொட்டு". கீழே பொடி எழுத்தில், "2 மணிக்கு எறா குஞ்சு. 2.20க்கு முழுங்கியாச்சு. 5.40, டீ போட வந்தப்போ தோலைத் துப்புது." மூன்றாவது கவரில் கூடுதலாக ஒரு வரி இருந்தது. "6.45 ஷாலினி பார்த்து, தோலை உறிஞ்சி சிங்க்கில் ஊத்தினாள்." அஞ்சாவதில், "ஷாலினி விளக்கு போடாமலே தோலை எடுத்துட்டாள். அவசரம் போல."

ஷாலினி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தன் நோட்டில் இங்கிலீஷில், ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, அஞ்சு பொய். இங்கே மாத்திரைக் கவரில் அஞ்சு நிஜம்.

கவர்களோடு சமையலறை வாசலில் போய் நின்றாள். "அண்ணி, நான் எடுத்துப் போட்டத நீங்க பாத்தீங்களா?"

கவிதா மிக்ஸியை நிறுத்தாமலே பேசினாள். "பாக்காம? கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன். உனக்கு எல்லாம் தெரிஞ்சிதான் நடக்குதுன்னு நெனச்சேன். இன்னிக்கு நீ போன்ல ஒண்ணுமேயில்லன்னு சொன்னப்போ, ஒருவேள நான்தான் தப்பா பாத்துட்டேனோன்னு இருந்துச்சு. நீ படிச்சவளாச்சே."

இதற்குப் பதில் இரண்டு அறை வாங்கியிருந்தால்கூட ஷாலினிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அஞ்சு கவரையும் போட்டோ எடுத்து சடகோபனுக்கு அனுப்பினாள். பிறகு, சமையலறை வாசலை விட்டு நகராமலேயே, அவருக்குப் போன் போட்டாள். கூடத்தில் கஜபதி டிவியின் சத்தத்தைக் குறைத்தார். குறைத்தால்தானே கேட்கும், அவருக்கும் எதிர்வீட்டு மணியம்மைக்கும்.

"சார், காலையில சொன்னது பொய். சக்கை இருந்துச்சு. மூணாவது வாரத்துலேர்ந்து எனக்கே தெரியும். நான்தான் எடுத்துப் போட்டுட்டு சுத்தம்னு எழுதினேன். மொத ரெண்டு வாரம் சரியா பாக்கவேயில்ல."

காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. பெங்களூரில் பேச எழுதி வைத்திருந்த உரையாக இருக்கும்.

"இந்தக் கவர் எல்லாம் யார் எழுதினது?"

"கவிதா சார். எங்க அண்ணி. பன்னண்டாவது பாஸ். மெடிக்கல் ஷாப்ல இருக்காங்க."

மிக்ஸி நின்றது.

"காலையில சொன்னியே, அந்தப் பொம்பளையா?"

"ஆங் சார்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. "பெங்களூருக்கு நான் வரலைன்னு சொல்லிடறேன். திங்கட்கிழமை வா. அந்தக் கவர்களையும் எடுத்துட்டு வா. அதுல நேரம் போட்டிருக்கு, உன் நோட்டுல அதுவும் இல்ல."

"சார், என்னோட பட்டம்…"

"திங்கட்கிழமை" என்று வைத்துவிட்டார்.

கஜபதி டிவி சத்தத்தை மறுபடி கூட்டினார். பால்காரரிடம் இனி என்ன சொல்வது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். அந்தக் கவலை அவருக்குத் தேவையேயில்லை. சாயந்தரத்துக்குள் மணியம்மை தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "பூச்சி திருட்டுத்தனமா சோறு தின்னுடுச்சாம், அதனால பெங்களூரு கூட்டமே கேன்சலாம்." கதையில் திருடியது யார் என்பதை மட்டும் அவள் மாற்றிவிட்டாள்; தெரியாமலா, தெரிந்தேயா என்று சொல்ல முடியாது. ஷாலினி வாசலுக்கு வந்தபோது நாலு பேர் பூச்சியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளே திரும்பிவிட்டாள்.

பின்கட்டில் பாட்டில்கள் அப்படியே இருந்தன. நல்லதோ கெட்டதோ, சோதனையை முதலிலிருந்து செய்தாக வேண்டும். எல்லாவற்றையும் பட்டினி போட்டால், சடகோபனின் ரசாயனம் உண்மையிலேயே "போதும்" என்று சொல்கிறதா, இல்லை ஒன்றுமே சொல்லவில்லையா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஆனால் இந்தப் புதனும் வியாழனும் அவள் சென்னையில்தான் இருக்க வேண்டும். யாரிடம் கேட்பது, எந்த வாயால் கேட்பது என்று அவள் மூடிகளையே பார்த்துக்கொண்டிருந்தபோது கவிதா வந்தாள். கையில் ஒரு புதுக் கவர், காதில் செருகிய பேனா.

"வர்ற வியாழக்கெழமைக்கு இன்னா பண்ணணும்? சொல்லு."

"அண்ணி, காலையில நான் அப்படி…"

"அத விடு. இத சொல்லு. வண்டியில ஏறிகினு சொல்லாத, இப்பவே சொல்லு. முழுசா சொல்லு. எது பட்டினி?"

"எல்லாமே பட்டினி அண்ணி. சிவப்பும், வெள்ளையும். மருந்துக்கு முன்னாடியும் கெடையாது, பின்னாடியும் கெடையாது."

"வெறும் வயித்துல?"

"வெறும் வயித்துல."

கவிதா "உணவுக்குப் பின்" என்பதை அடித்தாள். "உணவுக்கு முன்" என்பதையும் அடித்தாள். பக்கத்தில் "உணவே இல்லை" என்று எழுதினாள். ஏன் என்று கேட்டாள். ஷாலினி, முதல் முறையாக, ஏன் என்றும் சொன்னாள். வாசனைச் சொட்டு, வாய் திறப்பது, போதும் என்ற செய்தி, எல்லாம். கவிதா குறுக்கே பேசாமல் கேட்டாள். நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்காதா?"

கவிதா கவரைத் திருப்பி, பேனாவோடு சேர்த்து அவளிடம் நீட்டினாள்.

"நீ சொன்னதுதான் எழுதியிருக்கேன். படிச்சிப் பாத்துட்டு கீழ கையெழுத்து போடு."

ஷாலினி இரண்டு முறை படித்தாள். பிறகு கவரை அலமாரி மேல் வைத்து, குனிந்து, கையெழுத்துப் போட்டாள்.